மணலுக்கு ஓடிய நாள்

இதை வாசிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருக்கலாம், ஒற்று விட்டுப்போயிருக்கலாம். இதை யாராவது அச்சில் போட்டால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும். சிவகாசிப் பக்கம் அதற்கு ஆள் பஞ்சம் இல்லை.

எனக்குப் பேச வராது. நாலு பேர் பார்த்தால் வந்த வழியே திரும்பிவிடுவேன். கல்யாண வீட்டில் பந்தியில் சோறு கேட்கக்கூட வெட்கப்படுகிற ஆள். அதனால்தான் எழுதுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருந்தால் இத்தனை காகிதம் தேவைப்பட்டிருக்காது.

ஊர்ப் பெயர் வேண்டாம். தாயில்பட்டிக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஆற்றோரமாக இருக்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு என்றால் நீங்கள் நினைக்கிற ஆறு இல்லை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது வெறும் மணல். பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆடு மேயும். கல்யாணத்துக்கு வந்த வேன்கள் அதில்தான் நிற்கும். மணல் அள்ளிக்கொண்டு போனவர்கள் விட்ட பள்ளங்கள் அங்கங்கே உண்டு, அதற்குள் கருவேலஞ்செடி முளைத்துக் கிடக்கும். எங்கள் வெடிக் கம்பெனி அந்த மணலை ஒட்டி இருக்கிறது. நான் அங்கே வெடிச் சரக்கை வெயிலில் காயப்போடுகிற மேடையில் வேலை. என் மனைவி கீழே ஆற்றுப் பக்கத்து அறையில் வெடிக்குத் திரி செருகுகிறாள். செருகினாள் என்று எழுத வேண்டும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாசி மாதம் என்று நினைக்கிறேன், வெள்ளத்தை முன்கூட்டியே சொல்லும் திட்டம் ஒன்று வந்திருக்கிறது, எல்லோரும் சமுதாயக் கூடத்துக்கு வாருங்கள் என்று ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள். போனோம். ஒரு பெண் வந்திருந்தாள். என் தங்கச்சி வயசு இருக்கும். சுவரில் படம் காட்டினாள். மலையில் எவ்வளவு மழை பெய்கிறது, அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கருவிகள் பார்த்துச் சொல்லுமாம். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, இத்தனை மணிக்கு உங்கள் ஊருக்கு வெள்ளம் வரும் என்று எல்லோருடைய போனுக்கும் செய்தி அனுப்புமாம்.

டீக்கடை மச்சான் எழுந்தார். அவர் எனக்குத் தூரத்து உறவு. எந்தக் கூட்டத்திலும் முதலில் எழுந்திருக்கிறவர் அவர்தான்.

“வெள்ளம் கிடக்கட்டும் தாயி. குடிக்கிற தண்ணி என்னைக்கு வரும்னு அந்தக் கம்ப்யூட்டர்ல மொதல்ல போட்டுப் பாருங்க.”

கூடமே சிரித்தது. இன்னொருவர், “இங்கன ஆத்துல தண்ணியப் பாக்கணும்னா நாங்க பஸ் ஏறி ஆனைக்குட்டம் டேமுக்குப் போவோம்” என்றார். அதற்கும் சிரிப்பு. அந்தப் பெண்ணும் சிரித்தாள். முகம் சுளிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

கூட்டம் கலைந்தபின் நான் அவர்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். போவதா நிற்பதா என்று தெரியவில்லை. அவளே, “என்னண்ணா, ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டாள்.

“போன்ல செய்தி வந்தா எங்களுக்குத் தெரியாதும்மா” என்றேன்.

ஏன் என்று கேட்டாள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கம்பெனி கேட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கும். உள்ளே போகிற ஒவ்வொருவரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெடிமருந்து இருக்கிற இடத்தில் போன் ஆகாது. சாயங்காலம் வெளியே வரும்போதுதான் எடுப்போம். எங்கள் பக்கத்து ஊர்களில் வேலைக்குப் போகிற அத்தனை பேர் போனும் பகல் முழுக்கப் பெட்டிக்குள்தான்.

அவள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்ப சைரன் வச்சிடலாம்ணா. கம்பத்துல ஒரு சைரன்” என்றாள்.

“சைரன் மட்டும் வேண்டாம்மா.”

இதை விளக்கிச் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. வெளியூர்க்காரர்களுக்கும் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சைரன் என்றால் வெடி விபத்து. வேறொன்றும் இல்லை. சைரன் கேட்டால் வாயில் வைத்த சோறு இறங்காது. புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். நம் ஆட்கள் யார் யார் எந்தக் கம்பெனியில் என்று மனசு எண்ணும். வேலை செய்கிற இடத்தில் கேட்டால் கையில் இருக்கிறதை அப்படியே போட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஓட வேண்டும். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஓட வைத்துப் பழக்கியும் இருக்கிறார்கள். எங்கள் கம்பெனியில் அறைகளும் மேடைகளும் போக வெட்டவெளி என்று இருப்பது ஆற்று மணல் மட்டும்தான். அங்கே ‘கூடும் இடம்’ என்று பச்சைப் பலகை நட்டிருந்தார்கள். பக்கத்துக் கம்பெனிகளுக்கும் அதே மணல்தான். ஊரில் இருக்கிற கிழடுகளும் சைரன் கேட்டால் அங்கேதான் வருவார்கள். தன் பிள்ளை வெளியே வந்துவிட்டதா என்று பார்க்க அதைவிட்டால் வேறு இடம் கிடையாது.

அவளை அந்தப் பலகை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். “வெள்ளத்துக்கு நீங்க சைரன் அடிச்சீகன்னா ஊரே இங்கனதான் வந்து நிக்கும்” என்றேன்.

அவள் மணலில் நின்று மேற்கே பார்த்தாள், கிழக்கே பார்த்தாள். பலகையைப் போனில் படம் எடுத்தாள். “நல்ல வேளை சொன்னீங்கண்ணா. இது எந்தப் படத்துலயும் இல்ல. சைரன் வைக்க மாட்டோம். நான் பாத்துக்கறேன்” என்றாள்.

அவள் சொன்ன வார்த்தை இதுதான். ஒன்றும் சேர்க்கவில்லை.

பங்குனியில் அம்மன் கோயில் பொங்கல் முடிந்து மறுபடி வந்தாள். சைரனுக்குப் பதில் பேச்சுக் குரல் வைக்கப்போகிறோம், ஊர்க்காரர் குரலாக இருந்தால் நம்புவார்கள், உங்கள் வீட்டில் அக்கா பேசுவார்களா என்று கேட்டாள். என் மனைவிக்குச் சத்தமான தொண்டை. நான் பேசாததை எல்லாம் சேர்த்து அவள் பேசுவாள். ஆனால் அன்றைக்கு அவளும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாள். பிறகு முகம் கழுவி, தலை சீவி, பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “குரலைத்தானக்கா எடுக்கப்போறோம்” என்று அந்தப் பெண் சிரித்தாள். “இருக்கட்டும்” என்றாள் என் மனைவி.

காற்றாடியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, எங்கள் வீட்டு உள் அறையில் வைத்துப் பதிவு செய்தார்கள். எழுதிக்கொண்டு வந்த தாளில் ‘பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு’ என்று இருந்தது. என் மனைவி அதை எழுத்துக் கூட்டி வாசித்தது பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது போல இருந்தது. அந்தப் பெண் தாளை மடித்து வைத்துவிட்டாள். “பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்கக்கா” என்றாள். அப்போது அவள் சொன்னது:

“ஆத்துல தண்ணி வருது. யாரும் மணலுக்குப் போகாதீக. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுக் கோயில் மேட்டுக்கு வாங்க.”

அன்றைக்கு அந்தப் பெண் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கம்பம் நட்டு, குழாய் ஒலிபெருக்கி கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டினார்கள். என் மனைவியின் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போயிற்று. மறுநாள் வேலைக்குப் போனால் அவளை விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து திரி செருகுகிறவள் டீக்கடை மச்சானின் மனைவி. என்னை அண்ணே என்பாள், என் மனைவியை மதினி என்பாள். வாய் ஓயாது.

“மதினி, அண்ணன் காது ரெண்டும் அடைஞ்சு போச்சுன்னு இப்ப ஊருக் காத அடைக்கக் கிளம்பிட்டியளோ?”

“போடி.”

“யாரும் மணலுக்குப் போகாதீகன்னு சொல்றீக. காலையில நாங்க எங்கிட்டுப் போக? உங்க வீட்டுக் கக்கூஸுக்கா?”

என் மனைவி போலவே இழுத்துப் பேசிக் காட்டுவாள். அறையில் இருக்கிறவர்கள் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். மேடையில் நிற்கிற எனக்குக் கேட்கும்.

சிரித்தார்களே தவிர யாரும் நம்பவில்லை. இதை நம்பலாமா என்று என்னிடம் வந்து கேட்டார்கள். அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டது இல்லை. நான் வீடு வீடாகப் போனேன். இதை எழுதும்போதுகூட எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நான் போய் வாசலில் நின்று, “சைரன் இல்ல, என் வீட்டுக்காரி குரல்தான் வரும், கேட்டா மேட்டுக்கு வந்துருங்க” என்று சொன்னேன். திட்டத்துப் பெண் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். நான் ஊருக்குக் கொடுத்தேன்.

ஆவணியில் ஒரு மத்தியானம் குரல் வந்தது. மேற்கே கறுத்திருந்தது. பாதிப் பேர் மேட்டுக்கு வந்தார்கள், பாதிப் பேர் வேலையை விடவில்லை. நான் மேடையில் காய்ந்துகொண்டிருந்த சரக்கைப் போட்டுவிட்டு வந்தேன். தண்ணீர் வரவில்லை. எங்களுக்கு ஒரு தூறல் மட்டும் விழுந்தது. அதில் மேடையில் இருந்தது எல்லாம் நனைந்துவிட்டது. சீசன் நேரம். லோடு போக வேண்டிய சரக்கு. போர்மேன் என்னைக் கேட்ட கேள்விகளை எழுத முடியாது. வந்தவர்களுக்கு அரை நாள் கூலி போயிற்று.

“தண்ணி எங்கன மாப்ள?” என்று டீக்கடை மச்சான் கேட்டார். “வர்ற வழியில கேன்ல அடைச்சு வித்துட்டாகளா?”

கடையில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். டீயைக் குடித்தேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். உடனே எடுத்தாள். மலையில் பெய்த மழை பாதியில் நின்றுவிட்டது, இப்படிச் சில தடவை தப்பும், தப்பினாலும் நீங்கள் மேட்டுக்கு வந்தது சரிதான் என்று பொறுமையாகச் சொன்னாள். எனக்கு அது புரிந்தது. மறுபடி வீடு வீடாகப் போனேன். இந்தத் தடவை சில வாசல்களில் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

மச்சானின் மனைவி மட்டும் அன்றைக்குக் கேலி பேசவில்லை. பாத்திரம் விளக்கிக்கொண்டே, “நீ நம்புறியா அண்ணே?” என்றாள்.

“நம்புறேன்மா.”

“அப்பச் சரி. அடுத்த தடவ மதினி கூப்பிட்டா நான் வாறேன். உனக்காகத்தான், அந்தக் கம்ப்யூட்டருக்காக இல்ல.”

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், வேலை இல்லாத ஒரு நாள், இரண்டு பேர் வந்து கம்பத்தில் ஏறி ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். வெயில். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன வேலை என்று கேட்டேன். “சர்வீஸ்” என்றார்கள். மனசு கேட்காமல் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். நாலைந்து தடவை அடித்தபின் எடுத்தாள்.

“ஒண்ணும் இல்லண்ணா. சும்மா சர்வீஸ்தான். எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றாள்.

“அக்கா குரல்தானம்மா?”

“ஆமாண்ணா, ஆமா. நான் ஒரு மீட்டிங்ல இருக்கேன்.”

வைத்துவிட்டாள்.

அந்த நாள் தீபாவளிக்கு முன்னால் வந்தது. அன்றைக்கு நல்ல வெயில். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிற்பாடு வந்து பேசியவர்கள், மழை நாளில் ஏன் ஆற்றுக்குள் போனீர்கள் என்று கேட்டார்கள். எங்களுக்கு மழை நாள் இல்லை. மேடை முழுக்கச் சரக்கு காய்ந்துகொண்டிருந்தது. சிமெண்டில் கால் வைக்க முடியவில்லை. முந்தின நாள் இரவு முழுக்க மலையில் கொட்டியிருக்கிறது. அணையைத் திறந்திருக்கிறார்கள். அந்தச் செய்தி எங்கள் போனுக்கு வந்திருக்கிறது. போன்கள் கேட்டில் இருந்த மரப்பெட்டியில் கிடந்தன. அன்றைக்கு அது ஓயாமல் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது என்று காவலாளி பிறகு சொன்னார். அவர் சாப்பாட்டு நேரமாக்கும் என்று நினைத்திருக்கிறார், வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள் இல்லையா.

அப்போது சைரன் அடித்தது.

எங்கள் கம்பெனிச் சைரன் இல்லை. ஊர்ப் பக்கம் இருந்து வந்தது. நானும் வெடி என்றுதான் நினைத்தேன். வேறு எதை நினைக்க? தண்ணீர் வந்தால் என் மனைவி குரல் வரும். சைரன் வராது. எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் மேடையில் இருந்து குதித்து மணலுக்குத்தான் ஓடினேன். அறைகளில் இருந்து பொம்பளைகள் வந்துகொண்டிருந்தார்கள். மருந்துக் கையோடு, வெள்ளியும் சாம்பலுமாக மருந்து அப்பிய முகத்தோடு வந்தார்கள். பக்கத்துக் கம்பெனியில் இருந்து ஓடி வந்தார்கள். ஊரில் இருந்து கிழவிகள் ஓடி வந்தார்கள். எல்லோரும் பச்சைப் பலகைக்குப் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தோம்.

“எங்கிட்டுப் புகை?”

“தெக்க தெரியுதா பாரு.”

“அது செங்கச் சூளைடி.”

“ஏ, எம்மவ எங்க? எம்மவள யாரும் பாத்தீகளா?”

என் மனைவி வந்துவிட்டாள். மச்சானின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எண்ணிப் பார்த்தேன், என் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

தண்ணீர் முதலில் ஒரு நுரைக் கோடாக வந்தது. குச்சியும் பாட்டிலும் செருப்பும் தள்ளிக்கொண்டு, மணலில் ஊர்ந்து வந்தது. யாரும் பயப்படவில்லை. எத்தனையோ வருஷமாகப் பார்க்காத தண்ணீர். ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டுக் குலவை போட்டாள். இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். “ஏலே, ஆறு வந்துருச்சுலே” என்று யாரோ சிரித்தார்கள். வெடி இல்லை, தண்ணீர்தான் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் உயிர் வந்த மாதிரி இருந்தது. கணுக்கால் அளவு இருந்தபோது சிலர் குனிந்து அள்ளி முகத்தில் தெளித்தார்கள்.

நான்தான் முதலில் கத்தினேன் என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. மேற்கே இருந்து ஒரு இரைச்சல் வந்தது, லாரி வரிசையாக வருவது போல. அதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. கம்பெனிப் பக்கம் ஓடினோம். நாங்கள் நின்ற இடத்துக்கும் கரைக்கும் நடுவில் பள்ளங்கள் இருந்தன. வறண்டு கிடந்தபோது எது எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் மூடியபின் யாருக்கும் தெரியவில்லை. என் மனைவி ஒரு பள்ளத்தில் இறங்கிவிட்டாள். அவள் கையைப் பிடித்திருந்தவளும் கூடவே இறங்கினாள். போர்மேன் என் மனைவியின் தலைமுடியைப் பிடித்தார், நான் சேலையைப் பிடித்தேன். வெளியே இழுத்தபோது அவள் வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவள் இன்னொரு கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். அந்தக் கையில் யாரும் இல்லை.

மச்சானின் மனைவி மறுநாள் காலையில் கீழே கருவேலங்காட்டில் கிடைத்தாள். அவள் ஒருத்திதான். மற்ற எல்லோரும் கரையேறிவிட்டார்கள். ஒருத்தி என்று சொல்லும்போது, பரவாயில்லையே என்பது போல் சிலர் தலையாட்டுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் என் மனைவி காலில் கம்பி வைத்தார்கள். மயக்கம் தெளிந்து அவள் கேட்ட முதல் கேள்வி, “என் குரல என்ன செஞ்சாக?” என்பதுதான்.

அதைத்தான் நானும் கேட்கப் போனேன். சூலக்கரைப் பக்கம் ஒரு வாடகை மாடியில் அந்தத் திட்டத்துக்காரர்கள் இருந்தார்கள். பஸ்ஸில் போய்க் கீழே நின்றேன். வெகுநேரம் கழித்து அந்தப் பெண் படியில் இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிச் சைரன்தான் இருக்க வேண்டும் என்று மேலே முடிவு செய்துவிட்டார்களாம். ஊருக்கு ஒரு குரல் வைத்தால் பராமரிக்க முடியாதாம். ஆவணியில் தண்ணீர் வராமல் போனதற்கு யாரோ புகாரும் கொடுத்திருந்தார்களாம், கேலிக்கூத்தாக இருக்கிறது என்று.

“நீங்க என்கிட்ட சர்வீஸ்னு சொன்னீங்களேம்மா.”

“எனக்கு அன்னைக்கு என்ன சொல்றதுன்னு தெரியலண்ணா.”

“சைரன்னு சொல்லியிருக்கலாம்.”

அவள் அழுதாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். பிறகு ஊர் திரும்பும் பஸ் ஏறிவிட்டேன். அவள் அழுதது உண்மை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்த மாதம் சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். சென்னையில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். மறுபடியும் சுவரில் படம் காட்டினார்கள். திட்டம் சரியாக வேலை செய்தது என்றார் அவர். வெள்ளம் வருகிற நேரத்தைக் கம்ப்யூட்டர் துல்லியமாகச் சொன்னது, செய்தி உரிய நேரத்தில் போயிற்று, சைரன் உரிய நேரத்தில் அடித்தது. ஆனாலும் மக்கள் ஆற்றுக்குள் இறங்கி வேடிக்கை பார்த்திருக்கிறார்கள், குலவை போட்டிருக்கிறார்கள், மக்களிடம் விழிப்புணர்வு இல்லை, நம்பிக்கை இல்லை, அதுதான் குறை என்றார்.

அந்தப் பெண் அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தாள். பலகையைப் படம் எடுத்தவள். ஊரே இங்கேதான் வந்து நிற்கும் என்று அந்த மணலில் நின்று என் வாயால் கேட்டவள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மேசைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்கள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை ஐயா, ஓட வேண்டிய இடத்துக்கு ஓடினார்கள் என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லவில்லை. இனாமாக அவள் எங்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும் என்றுதான் இருந்தேன்.

நான் எழுந்திருக்கத்தான் நினைத்தேன். கால் வந்தது, குரல் வரவில்லை. பாதி எழுந்து நின்றேன். பின்னால் இருந்தவர் மறைக்கிறது என்று தோளைத் தொட்டார். உட்கார்ந்துவிட்டேன்.

டீக்கடை மச்சான் அன்றைக்கு எதுவும் பேசவில்லை. அதுவரை அவர் பேசாத கூட்டம் எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் என்னோடு சண்டை போடவும் இல்லை. கடைக்குப் போனால் டீ தருவார். கிளாஸை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். மாப்ள என்று கூப்பிடுவது நின்றுபோயிற்று. என் மனைவியால் இப்போது சம்மணம் போட்டு உட்கார முடியாது, அதனால் திரி வேலைக்குப் போவதில்லை. வீட்டில் இருந்து தீப்பெட்டி அட்டை ஒட்டுகிறாள். முன்பு போலச் சத்தமாகப் பேசுவதும் இல்லை. ஒருநாள், “நீங்க சொன்னீகன்னுதானே பேசிக் குடுத்தேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அட்டை ஒட்டிக்கொண்டே சொன்னாள். வெள்ளத்தில் போன பச்சைப் பலகைக்குப் பதில் கம்பெனியில் புதுப் பலகை எழுதினார்கள். மணலில் அதே இடத்தில் நட்டார்கள். வேறு இடம் இல்லை என்றார்கள். இல்லைதான்.

இந்த ஆவணியில் மறுபடி ஆட்டோ வந்தது. மறுபடி கூட்டம். புதிதாக ஒரு பையன் அதிகாரி வந்திருந்தான். பழைய பெண் வேறு ஊருக்குப் போய்விட்டாளாம். திட்டத்தைச் செப்பம் செய்திருக்கிறோம், இந்தத் தடவை கணக்கு இன்னும் துல்லியமாக வரும், நீங்கள் நம்பி ஒத்துழைக்க வேண்டும் என்றான். நல்ல பையன் மாதிரித்தான் தெரிந்தான். அவளும் அப்படித்தான் தெரிந்தாள். மறுபடி ஒரு பொம்பளைக் குரல் வைக்கலாமா என்று மேலே கேட்டிருக்கிறேன், முடிவு வரும்வரை சைரன்தான் என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. டீக்கடை மச்சான் எழுந்தார். அதிகாரியைப் பார்க்கவில்லை, நான் இருந்த மூலையைப் பார்த்தார்.

“மாப்ள, நீ சொல்லு. இவுகள நம்பலாமா?”

எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பையனும் என்னைப் பார்த்தான். நான் எழுந்தேன். இந்தத் தடவை நின்றேன்.

“நம்புங்கன்னு நான் சொல்ல மாட்டேன் மச்சான். ஒரு தடவ சொன்னது போதும்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். “ஆனா மழக்காலம் வருது. ஊருப் பக்கம் இருந்து சைரன் கேட்டா மணலுக்குப் போகாதீக. மேட்டுக்கு வந்துருங்க. அதுக்கு மட்டும் நான் பொறுப்பு.”

மச்சான் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

“மேட்டுக்குப் போகணும்னா மருந்து ரூமத் தாண்டித்தான் போகணும்” என்றார். “அடிச்சது பக்கத்துக் கம்பெனி வெடிக்குன்னா? அப்ப எங்கிட்டு ஓட?”

நான் அந்தப் பையன் அதிகாரியைப் பார்த்தேன். அவன் போனை எடுத்தான், பிறகு வைத்துவிட்டான். மச்சான் என்னைப் பார்த்து, சரி என்பது போலவோ இல்லை என்பது போலவோ தலையை அசைத்துவிட்டு வெளியே போனார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அந்தப் பையன் என்னிடம் வந்து, போன தடவை இங்கே என்னதான் நடந்தது, முழுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டான். சொல்ல வராது தம்பி, எழுதித் தருகிறேன் என்றேன்.

எழுதிவிட்டேன். அவனுக்கு ஒரு நகல் கொடுப்பேன். ஆனால் அவனிடம் மட்டும் கொடுத்துவிட்டு இருக்கப்போவதில்லை. அதனால்தான் உங்களுக்கும்.

ஆவணி இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை.